குழந்தைக்குப் புதுமைப் பொருளில் பெயர்: சென்னைப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தை பிறந்த வீட்டில் பெயர்ப் பேச்சு தொடங்கியதும், "பெயர் புதிதாக இருக்க வேண்டும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு பேச்சுக்குள் இரண்டு ஆசைகள் கலந்து கிடக்கின்றன. வகுப்பில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும் என்பது ஒன்று. விடியல், தளிர், பிறை, தொடக்கம் என்று புதியதைப் பொருளாகக் கொண்ட பெயராக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் ஆசையின் பின்னால் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் பொருளே இல்லாத ஓசைகளில் போய் நிற்கிறார்கள். கைப்பேசியில் தேடினால் ஆயிரம் பெயர்கள் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் "புதியவர்", "ஒளி", "கடவுளின் பரிசு" என்று ஏதோ ஒன்று எழுதியிருக்கும். யார் எழுதினார், எந்த அகராதியைப் பார்த்தார் என்ற விவரம் இருக்காது. இரண்டாவது ஆசைக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. புதுமையைச் சொல்லும் சொற்கள் நம் மொழியிலும், பல வீடுகளில் தாத்தா பாட்டியின் பெயரிலுமே இருக்கின்றன. அவற்றை எப்படித் தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது, எப்படிப் பதிவு செய்வது என்று உறவிலும் நட்பிலும் என்னிடம் கேட்கும் இளம் பெற்றோருக்குச் சொல்வதையே இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: நேரம் இருக்கிறது, பதற வேண்டாம்

மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஆகும்போதே பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. 21 நாட்களுக்குள் பதிவாக வேண்டியது பிறப்பு மட்டுமே. குழந்தை மருத்துவமனையில் பிறந்திருந்தால் அந்தத் தகவலை அனுப்புவது மருத்துவமனையின் பொறுப்பு. பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிவு செய்யலாம். அதன்பின் 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்கும் பிந்தினால் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம்.

ஆகவே வார்டில் படிவம் நீட்டும்போது வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிவிட வேண்டாம். எழுதிக் கொடுத்த பெயரை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைக் கடைசிப் படியில் சொல்கிறேன். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ தொட்டில் போடும் வீடுகளும் இருக்கின்றன. ஏழாம் நாள் அகீகா செய்து பெயரிடும் வீடுகளும் இருக்கின்றன. ஞானஸ்நானம்வரை காத்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. வீட்டு வழக்கத்தின் நாளை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினால் போதும்.

இரண்டாம் படி: தாத்தா பாட்டியின் பெயரைப் பிரித்துப் பாருங்கள்

பெயர் வைப்பதில் நடக்கும் சண்டைகளில் பெரியது இதுதான். தாத்தாவின் பெயரை வைக்க வேண்டும் என்று மாமனார் வீட்டில் எதிர்பார்ப்பார்கள். பெற்றோர் புதுப்பெயர் வேண்டும் என்பார்கள். முகம் சுளித்துக்கொள்வதற்கு முன் பெரியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, அவற்றின் பொருளைப் பாருங்கள். புதுமையும் இளமையும் அங்கேயே ஒளிந்திருக்கலாம்.

தாத்தாவின் பெயர் பாலச்சந்திரன் என்று வைத்துக்கொள்வோம். பாலன் என்றால் சிறுவன், இளையவன், சந்திரன் நிலவு. பாலச்சந்திரன் என்பது அப்படியே இளம்பிறை. பேத்திக்கு இளம்பிறை என்றோ இளமதி என்றோ பெயரிட்டால் தாத்தாவின் பெயரும் வந்துவிட்டது, பெற்றோர் விரும்பிய புதுமையும் வந்துவிட்டது. பாலசுப்பிரமணியன் என்றால் இளமுருகன். யுவராஜ் என்றால் இளங்கோ. பாட்டி வசந்தா என்றால் இளவேனில். பல்லவி என்றால் தளிர். உஷா என்றால் விடியல். முருகு என்ற சொல்லுக்கே இளமை, அழகு, மணம் என்ற பொருள்கள் உண்டு. குமரன், குமரி என்ற பெயர்களும் இளமையைத்தான் சொல்கின்றன. வீட்டில் ஒரு குமாரசாமியோ முருகேசனோ இருந்தால் உங்கள் தேடல் பாதி முடிந்தது.

இப்படிப் பெயரை மொழிமாற்றி வைத்துக்கொள்வதற்குச் சென்னையிலேயே பெரிய முன்னோடி உண்டு. சுவாமி வேதாசலம் என்ற பெயரை மறைமலை என்று ஆக்கிக்கொண்ட மறைமலையடிகள் பல்லவரத்தில் வாழ்ந்தவர். 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர். வேதம் மறை, அசலம் மலை. அவருக்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞர் என்று தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்டார். அவர்கள் தங்களுக்குச் செய்துகொண்டதை நாம் தாத்தாவுக்கும் பேத்திக்கும் இடையே செய்கிறோம்.

சென்னையையும் செங்கல்பட்டையும் சேர்ந்த பழைய குடும்பங்களில் கன்னியப்பன், கன்னியம்மாள் என்ற பெயர்களை நிறையக் கேட்கலாம். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடி வழிபடும் கன்னியம்மனை நினைத்துப் பாருங்கள். கன்னி என்ற சொல் இளமையையும் குறிக்கும், முதன்முதலானதையும் குறிக்கும்; கன்னி முயற்சி, கன்னிப் பேச்சு என்று இன்றும் எழுதுகிறோம். பழைய காலத்துப் பெயர் என்று பிள்ளைகள் கூச்சப்படும் இந்தப் பெயர்களுக்குள் இருக்கும் புதுமை எனக்கு எப்போதும் மதிப்புக்குரியதாகவே படுகிறது. அப்படியே வைக்கத் தயங்கினால் தொட்டில் பெயராகவாவது அதைக் காதில் சொல்லுங்கள். பெரியவர்கள் மனம் குளிர்ந்துபோகும்.

மூன்றாம் படி: பிறந்த வேளையையும் பருவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்

புதுமை என்ற சொல்லையே பெயராக வைக்க வேண்டும் என்பதில்லை. எந்தப் புதுமை என்று கேட்டுக்கொண்டால் பெயர் தானாக வரும். குழந்தை பிறந்த நேரம், மாதம், அன்றைய நிலவு மூன்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

விடியும் முன் பிறந்த குழந்தை என்றால் வைகறை. தமிழ் மரபு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரிக்கிறது. இரவு இரண்டு மணியிலிருந்து காலை ஆறு மணிவரை உள்ள பொழுது வைகறை. வைகறைச்செல்வி, வைகறைச்செல்வன் என்றும் வைக்கலாம். விடியல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும் சொல். விடிவெள்ளி, இளங்கதிர், இளஞாயிறு, இளம்பரிதி, உதயன், உதயா, அருணா என எல்லாம் அந்த நேரத்துப் பெயர்கள். நிஷாந்த் என்று அழைக்கப்படும் பையன்கள் சென்னையில் ஏராளம். அந்தப் பெயருக்கு இரவின் முடிவு, அதாவது விடியல் என்று பொருள் என்பது பலருக்குத் தெரியாது. அண்ணன் நிஷாந்த் என்றால் தங்கைக்கு விடியல் என்று பெயரிடுவது எவ்வளவு பொருத்தம்!

அமாவாசை கழிந்து வளர்பிறையில் பிறந்திருந்தால் பிறைமதி, பிறைசூடன், இளம்பிறை, வளர்மதி. பிறை எனக்குப் பிடித்த சொல். சிவன் தலையில் இருப்பதும் அதுதான், ரமலான் மாதம் தொடங்க மொட்டைமாடியில் நின்று மேற்கே தேடுவதும் அதைத்தான். எந்தச் சமயத்து வீட்டிலும் அந்நியமாகத் தோன்றாத பெயர் வேண்டும் என்பவர்களுக்கு இளம்பிறையைத்தான் முதலில் சொல்வேன்.

சித்திரையும் வைகாசியும் இளவேனில். சென்னையில் அந்த மாதங்களில் கத்திரி வெயில் கொளுத்தும் என்றாலும், வேப்பம்பூ உதிர்வதும் மாமரம் காய்த்துத் தொங்குவதும் அப்போதுதான். இளவேனில், வசந்தன், வசந்தி மூன்றும் பொருந்தும். ஆடியில் பிறந்த குழந்தைக்குக் காவிரியின் புதுப்புனலை நினைத்துப் பொன்னி என்றோ காவேரி என்றோ வைக்கலாம். தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் மாதம் என்பதால் மாரி என்றும் வைக்கலாம், அது மழையின் பெயரும்கூட. ஐப்பசி, கார்த்திகை சென்னைக்கு மழைக்காலம்: முகிலன், கார்முகில். தையில் பிறந்தால் தைமகள்.

இனிச் செடிகொடிகள். இங்கேதான் தமிழின் செல்வம் குவிந்து கிடக்கிறது. ஒரு பூ அரும்பிலிருந்து உதிர்வதுவரை ஏழு பெயர் பெறுகிறது: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். விடியும் முன் கோயம்பேடு பூச்சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மூட்டையிலிருந்து கொட்டும் மல்லிகை எல்லாம் இறுக மூடிய மொட்டு. விரல் நுனியில் எடுத்து அழுத்தினாலும் இதழ் பிரியாது. காம்பில் லேசான பச்சை ஒட்டியிருக்கும். அதைச் சரமாகத் தொடுத்து, மாலையில் தலையில் வைத்த பிறகுதான் அது விரிகிறது. விரியப்போகும் அந்த நிலைதான் முகை. முகிழ் என்பதும் அதற்கு உறவான சொல். முகைமலர், அரும்புமலர், முகிழ்மதி என்று பெயராக்கலாம்.

செம்மலைப் பற்றி ஒரு வார்த்தை. பூவின் ஏழு நிலைகளில் அது வாடி உதிர்ந்த பூ. ஆளுக்குச் சொல்லும்போதோ பெருமைக்குரியவர், தலைசிறந்தவர் என்று பொருள். நல்ல பெயர்தான், ஆனால் புதுமைக்காகத் தேடுபவர் எடுக்க வேண்டிய சொல் அதுவல்ல.

இலைக்கும் இப்படியே நிலைகள் உண்டு: கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு. முதல் இரண்டும் நமக்கானவை. தளிர், தளிர்மதி, தளிர்மொழி, துளிர், மரிக்கொழுந்து. வடசொல்லில் பல்லவம் என்றாலும் தளிர்தான். பல்லவன், பல்லவி என்ற பெயர்களும் அந்தப் பொருளைத் தாங்குகின்றன. பல்லவன் என்றால் இங்கே நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களுக்குப் பஸ் நினைவுக்கு வரும். 1972இல் தொடங்கிய பல்லவன் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்களில் போய்ப் படித்தவர்கள் அவர்கள். மாமல்லபுரத்தைச் செதுக்கிய மரபின் பெயரைப் பிள்ளைக்கு வைக்க அதனால் தயங்க வேண்டியதில்லை.

நான்காம் படி: நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 முதலெழுத்துகள் என்பது கணக்கு. பஞ்சாங்கத்துக்குப் பஞ்சாங்கம் சிறு வேறுபாடு இருக்கும் என்பதால் உங்கள் வீட்டில் பார்க்கும் பஞ்சாங்கத்தையே பின்பற்றுங்கள். பொதுவாகக் கார்த்திகைக்கு அ, இ, உ, ஏ வரும். ஆகவே அருணா, இளமதி, உதயன் அங்கே பொருந்தும். ரோகிணிக்கு ஓ, வ, வி, வு: வளர்மதி, விடியல். மகத்துக்கு ம, மி, மு, மெ: முகிழ்மதி. விசாகத்துக்குத் தி, து, தே, தோ: துளிர். அனுஷத்துக்கு ந, நி, நு, நே: நவீன், நூதனா. அஸ்தத்தில் பு வரும் என்பதால் புதுமலர்.

எழுத்து கிடைத்ததும் அந்த எழுத்தில் தொடங்கும் எந்தப் பெயரையாவது பிடித்துவிட வேண்டாம். எழுத்துக்காகப் பொருளை விட்டுக்கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன். ஜாதகத்துக்கு ஒரு பெயர், அழைப்பதற்கு ஒரு பெயர் என்று இரண்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஐந்தாம் படி: நீங்களே பெயர் கட்டுங்கள், ஆனால் புணர்ச்சி தெரிந்து கட்டுங்கள்

யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்ற அந்த முதல் ஆசையும் இங்கே நிறைவேறும். இள, புது என்ற இரண்டு சொற்களை முன்னால் வைத்துக்கொண்டு பின்னால் உங்களுக்குப் பிடித்த சொல்லைச் சேர்த்தால் புதுப்பெயர் பிறக்கும். சேரும் இடத்தில்தான் கவனம் தேவை.

இள என்ற சொல்லுக்குப் பின் க, ச, த, ப வந்தால் இடையில் அதன் இனமான மெல்லெழுத்து தோன்றும். இள, கதிர் சேர்ந்தால் இளங்கதிர். செழியன் சேர்ந்தால் இளஞ்செழியன், தமிழ் சேர்ந்தால் இளந்தமிழ், பிறை சேர்ந்தால் இளம்பிறை. மற்ற மெய்கள் வந்தால் அப்படியே சேரும்: இளமாறன், இளநிலா, இளவேனில். கரிகாலனின் தந்தை இளஞ்சேட்சென்னி, சங்கப் புலவர் குறமகள் இளவெயினி என்ற பெயர்களைப் பார்த்தால் இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

புது என்பதற்குப் பின் மெய் வந்தால் புதுமலர், புதுநிலா. உயிரெழுத்து வந்தால் தகரம் இரட்டிக்கும்: புது, ஒளி சேர்ந்தால் புத்தொளி, எழில் சேர்ந்தால் புத்தெழில், அமுது சேர்ந்தால் புத்தமுது. புத்தெழில் என்ற பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாங்கிவந்த எந்தப் பெயரும் இவ்வளவு நிறைவாக ஒலிக்காது.

எழுதும்போது ஒற்றெழுத்தை விட்டுவிட்டு "இளகதிர்" என்றோ "இளபிறை" என்றோ பதிந்துவிட்டால் பிள்ளை ஆயுள் முழுவதும் தன் பெயரைப் பிழையோடு எழுத நேரிடும். முடிவு செய்யும் முன் ஒரு தமிழாசிரியரிடம் காட்டுங்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார், மகிழ்ச்சியோடு பார்த்துச் சொல்வார்.

ஆறாம் படி: அகராதி பார்க்காமல் எந்தப் பெயரையும் உறுதி செய்யாதீர்கள்

நல்ல அகராதிகள் சென்னையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் முதலில் பார்க்க வேண்டியது. இணையத்தில் இலவசமாகவே தேடலாம். நூலாகப் புரட்டிப் பார்க்க விரும்பினால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ போகலாம்.

புதுமைப் பெயர் தேடுபவர்கள் அடிக்கடி விழும் பள்ளங்கள் சில உண்டு. முதன்மையானது நவ. வடசொல்லில் நவ என்றால் புதியது. ஒன்பது என்றும் பொருள். நவீன், நவீனா, நவ்யா, அபிநவ் ஆகியவை புதுமைப் பெயர்கள். நவமணி, நவரத்தினம் ஒன்பது மணிகள். நவமி ஒன்பதாம் திதி. நவநீதம் எந்தப் பக்கம்? புதிதாகக் கடைந்தெடுத்த வெண்ணெய் என்பதால் அது புதுமைப் பக்கம். தாத்தா நவநீதகிருஷ்ணன் என்றால் பேரனுக்கு நவநீதன் என்று தயங்காமல் வைக்கலாம்.

பிரணவ் என்ற பெயருக்குள் நவ என்று கேட்பதால் "எப்போதும் புதியவன்" என்று சில பட்டியல்கள் எழுதுகின்றன. பிரணவம் ஓங்காரம், பெயரின் பெருமை அதுதான். ஆதிரை, ஆதிரா என்ற பெயர்களை ஆதி என்பதோடு சேர்த்து "முதலானவள்" என்கிறார்கள். அது திருவாதிரை நட்சத்திரத்தின் பெயர். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்ட ஆதிரையை எண்ணி வைத்தால் அதைவிடச் சிறப்பு. தையல்நாயகி தை மாதத்துப் பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே தையல் என்றால் பெண். அபூர்வா, சொல்லளவில் இதற்கு முன் இல்லாதவள். நாம் அரிதானவள் என்ற பொருளில் வழங்குகிறோம். இரண்டும் நல்ல பொருளே.

ஆங்கிலப் பெயர் விரும்புகிறவர்கள் நோவாவைக் கவனிக்க வேண்டும். லத்தீனில் புதியது என்று பொருள்படும் பெயரைத் தமிழில் எழுதினால் நோவா. பேழை கட்டிய விவிலிய நோவாவும் தமிழில் அதே நோவாதான். அவர் பெயருக்கு இளைப்பாறுதல் என்று பொருள் சொல்வார்கள். பெண் குழந்தைக்கு வைத்துவிட்டுப் பள்ளியில் விளக்கிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

ஏழாம் படி: மற்ற மொழியும் சமயமும் உள்ள வீடுகளுக்கு

சென்னை பல மொழி பேசும் ஊர். அப்பா தமிழ், அம்மா தெலுங்கு என்று இருக்கும் வீடுகளில் நவ்யா, நவீன், உதய், அருண் போன்ற பெயர்கள் இரு பக்கத்தாருக்கும் உச்சரிக்க எளிது. யுகாதியன்று பிறந்த குழந்தைக்கு வசந்த் பொருத்தம்.

திருவல்லிக்கேணியிலோ மண்ணடியிலோ உள்ள இஸ்லாமியக் குடும்பங்கள் அரபு, பாரசீகச் சொற்களை நாடுவார்கள். ஹிலால் என்றால் முதல் பிறை. ஸபாஹ் என்றால் காலை. ஃபஜ்ர் என்றால் வைகறை வெளுப்பு. ஸஹர் என்றால் விடியலுக்கு முந்தைய வேளை. பாரசீகத்தில் நவ் என்பதும் புதியதே. நவ்ரோஸ் புதுநாள், நவ்பஹார் புதுவசந்தம். பொருளையும் உச்சரிப்பையும் பள்ளிவாசல் இமாமிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. தமிழ் எழுத்தில் அரபு ஒலிகள் முழுதாக வராது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். சேவியர் என்ற பெயர் சாந்தோமிலும் பெரம்பூரிலும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. 1545இல் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கியிருந்த புனித பிரான்சிஸ் சேவியரின் பெயர் அது. பாஸ்க் மொழியில் அவருடைய ஊர்ப்பெயருக்குப் புதுவீடு என்று பொருள். ஆங்கிலோ இந்தியர்களின் நெவில், தமிழ்நாட்டில் பலர் பிள்ளைகளுக்கு வைக்கும் நியூட்டன் இரண்டுக்குமே புதிய ஊர் என்று பொருள். தாத்தாவின் பெயர் சேவியராக இருந்தால் பேரனுக்கு வேறு புதுமைப் பெயர் எதற்கு? பெண் குழந்தைக்கு மறுபிறப்பு என்று பொருள்படும் ரெனாட்டா, உயிர்ப்பைக் குறிக்கும் அனஸ்தாசியா, விடியலைக் குறிக்கும் அரோரா இருக்கின்றன.

எட்டாம் படி: கூப்பிட்டுப் பாருங்கள், எழுதிப் பாருங்கள்

இரண்டு, மூன்று பெயர்கள் மிஞ்சியதும் அவற்றை வீட்டில் சில நாட்கள் புழங்க விடுங்கள். பாட்டியால் சொல்ல முடிகிறதா? இரண்டாம் மாடியிலிருந்து கூப்பிட்டால் காதில் தெளிவாக விழுமா? சுருக்கினால் எப்படிச் சுருங்கும்? இளமதி இளாவாகவோ மதியாகவோ ஆகலாம், இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

பிறகு இனிஷியல். அப்பாவுடையதா, அம்மாவுடையதா, இருவருடையதுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பின்னர் அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரோடு சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள். அப்பா சாமிநாதன் என்றால் மகள் சா. விடியல், பள்ளியில் வருகை எடுக்கும்போது அது "சாவிடியல்" என்று காதில் விழும். விடியலை விட்டுவிட்டு இளங்கதிரை எடுத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது.

ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே உறுதி செய்யுங்கள். இகரத்துக்கு ஆங்கில ‘ஐ’ போடுபவரும் உண்டு, ‘ஈ’ போடுபவரும் உண்டு. ளகரமும் லகரமும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிடுவதால் வடக்கே படிக்கப் போகும் பிள்ளையை "இலமதி" என்றுதான் அழைப்பார்கள். அதற்கு மனத்தளவில் தயாராக இருங்கள். முகிழ் போன்ற ழகரப் பெயர்களை வெளியூர்க்காரர்கள் ஸகரமாக வாசிப்பார்கள். அதற்காக ழகரத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். பெயருக்கு உரியவர் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் மற்றவர் கற்றுக்கொள்வார்கள். தாயும் தந்தையும் ஒரே எழுத்துக்கூட்டலை ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டால் பின்னால் ஆளுக்கொன்றாக எழுதும் குழப்பம் வராது.

ஒன்பதாம் படி: பதிவு

பிறப்பு எந்த இடத்தில் நிகழ்ந்ததோ அந்த இடத்துக்குரிய அலுவலகத்தில்தான் பதிவாகும். வீட்டு முகவரி அதைத் தீர்மானிக்காது. தாம்பரத்தில் குடியிருந்து எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனையில் பெற்றால் சான்றிதழ் சென்னை மாநகராட்சியில். சென்னையில் குடியிருந்து ஆவடியில் பெற்றால் ஆவடி மாநகராட்சியில். மருத்துவமனை அனுப்பும் படிவத்தில் தாய், தந்தை பெயர்கள் உங்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று கையெழுத்திடும் முன் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயர்ச் சிக்கல்களில் பல அந்தப் படிவத்தில்தான் தொடங்குகின்றன.

சென்னை மாநகராட்சியின் இணையதளத்திலிருந்து பிறப்புச் சான்றிதழை இலவசமாகவே பதிவிறக்கிக்கொள்ளலாம். பெயர் சேர்த்ததும் மீண்டும் ஒருமுறை எடுத்து, தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்துகளையும் சரிபாருங்கள். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் உடனே திருத்தம் கேளுங்கள்; பதிவின்போது நேர்ந்த பிழையைத் திருத்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. பெயர் பிடிக்கவில்லை, வேறு பெயர் வேண்டும் என்றால் அது பிழைத்திருத்தம் ஆகாது. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு, அதைக் காட்டி ஒவ்வோர் ஆவணமாக மாற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் போன்றவற்றுக்கெல்லாம் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். அந்த ஆண்டு திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் அப்படி வகுத்திருக்கிறது. ஆகவே இந்த ஒரு தாளில் உள்ள எழுத்துதான் மற்ற எல்லாவற்றுக்கும் மூலம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கைரேகை இல்லாமலே ஆதார் எடுக்கலாம். 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகையைப் புதுப்பிக்க வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறிய பிறகே ஆதாருக்குப் போங்கள். தடுப்பூசி அட்டையில் மருத்துவமனைக்காரர்கள் தாயின் பெயரைப் போட்டுக் குழந்தை என்று மட்டும் எழுதியிருந்தால், பெயர் உறுதியான பின் அடுத்த ஊசிக்குப் போகும்போது சான்றிதழின் நகலை எடுத்துச் சென்று, அதே எழுத்தில் பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.